"எங்க அம்மா உங்களைப் பார்த்துச் சிரிக்கிறாங்க": லாஃப் என்ற சொல்லில் நான் செய்த தப்பு என்ன?

தங்கச்சிமடம் வேன்காரன்

எல்லோருக்கும் வணக்கம். ராமேஸ்வரத்திலிருந்து அரிச்சல்முனை வரை சுற்றுலா வேன் ஓட்டுகிறேன். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. என் இங்கிலீஷ் முழுக்க வண்டியில் ஏறுகிறவர்களோடு பேசிப் பேசிப் பிடித்ததுதான். அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

போன வாரம் இங்கிலாந்திலிருந்து ஒரு பெரியம்மா வந்திருந்தார். எழுபது வயதிருக்கும். இரண்டு நாளும் என் வண்டிதான். தனுஷ்கோடியில் இடிந்து கிடக்கும் மாதா கோயிலைக் காட்டி, 1964 டிசம்பர் புயலைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். என் அரைகுறை இங்கிலீஷைப் பொறுமையாகக் கேட்டார். திரும்புகிற வழியில் வீட்டுக்கு டீ குடிக்கக் கூப்பிட்டேன், வந்தார்.

எங்க அம்மாவுக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. தோட்டத்தில் பறித்துக் கட்டிய மல்லிகைச் சரத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, முகத்தைப் பார்த்துச் சிரித்தபடி நின்றார். வந்தவருக்கு ஏதோ கேட்க வேண்டும் போலிருந்தது. உங்க அம்மா என்ன நினைக்கிறார் என்று என்னிடம் கேட்டார். நான் சந்தோஷமாகச் சொன்னேன்: "மை மதர் இஸ் லாஃபிங் அட் யூ."

அவர் முகம் விழுந்துவிட்டது. பூவைத் தலையில் வைக்கத் தூக்கிய கை இறங்கிவிட்டது. டீயில் பாதியை வைத்துவிட்டார். விடுதி வரைக்கும் வண்டியில் ஒரு பேச்சும் இல்லை.

சிரி என்றால் லாஃப். லுக் அட் என்றால் பார்த்து. அப்படியென்றால் நான் சொன்னது சரிதானே? எதில் தப்பு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மனசு கேட்கவில்லை.

மண்டபம் டீச்சர்

தம்பி, இருபத்தி ஆறு வருஷமாக இங்கிலீஷ் நடத்துகிறேன். நீங்கள் செய்தது இந்தக் கரையில் ஏறக்குறைய எல்லோரும் செய்யும் தப்பு. முதலில் அந்த வருத்தத்தைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள்.

நீங்கள் சொன்னது அவர் காதில் "எங்க அம்மா உங்களைக் கேலி பண்ணிச் சிரிக்கிறாங்க" என்று விழுந்திருக்கும்.

இரண்டு தப்பு சேர்ந்திருக்கிறது. நம் ஊர்ப் பேச்சில் சிரிப்பு ஒரே சொல். பல் தெரியாமல் உதடு மட்டும் விரிந்தாலும் சிரிப்புதான், வீடு அதிர வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்தாலும் சிரிப்புதான். இங்கிலீஷில் இவை இரண்டு. சத்தமில்லாமல் முகத்தில் மட்டும் மலர்வது ஸ்மைல். தொண்டையிலிருந்து சத்தம் வந்தால்தான் லாஃப். உங்கள் அம்மா சத்தம் போட்டாரா? இல்லை. அது ஸ்மைல்.

அடுத்தது "அட்". இது ஒரு இலக்கைக் காட்டும் சொல். தமிழில் ஒன்றை நினைத்துப் பாருங்கள். "பந்தை என்னிடம் எறிந்தான்" என்றால் நான் பிடிப்பதற்காக. "கல்லை என் மேல் எறிந்தான்" என்றால் என் மேல் படுவதற்காக. இங்கிலீஷில் முதலாவது த்ரோ டு, இரண்டாவது த்ரோ அட். லாஃப் என்கிற சத்தம் ஒரு ஆள் மேல் குறி வைத்துப் போனால் அது வலிக்கிற சிரிப்பு என்று அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் ஸ்மைல் அட் என்றால் வலிக்காது. "ஷி இஸ் ஸ்மைலிங் அட் யூ" அன்பான வாக்கியம். அதே அட்தான். புன்சிரிப்பு யார் பக்கம் திரும்பினாலும் இதமாகத்தான் இருக்கும். நீங்கள் ஒரு சொல்லை மட்டும் மாற்றியிருந்தால் அந்தப் பூ தலையில் ஏறியிருக்கும்.

தொண்டி வாசகர்

டீச்சர் சொன்னதில் ஒரு சின்ன மறுப்பு. லாஃப் அட் என்றாலே கேலி என்று சொல்லிவிட முடியாது. "வீ லாஃப்ட் அட் ஹிஸ் ஜோக்" என்று எழுதினால் அவர் சொன்ன வேடிக்கையைக் கேட்டுச் சிரித்தோம் என்றுதான் பொருள். அதில் யாருக்கும் மனசு நோகாது. வேடிக்கை சொன்னவர் சந்தோஷப்படத்தான் செய்வார்.

மண்டபம் டீச்சர்

சரியான திருத்தம், நன்றி சார். நான் ஆளைப் பற்றி மட்டுமே சொன்னேன். அட் என்பதற்குப் பிறகு பேச்சோ, கதையோ, நாடகமோ வந்தால் அதனால் சிரிப்பு வந்தது என்று பொருள். ஆள் வந்தால்தான் பெரும்பாலும் ஏளனம். ஒருவரோடு சேர்ந்து சிரித்தால் லாஃப் வித். "டோன்ட் லாஃப் அட் ஹிம், லாஃப் வித் ஹிம்" என்று பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுப்பது இதனால்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், எல்லா விடைத்தாளிலும் பார்க்கிறேன். "அவன் என்னைச் சிரிக்க வைத்தான்" என்பதற்கு "ஹி மேட் மீ டு லாஃப்" என்று எழுதுகிறார்கள். அந்த டு வேண்டாம். "ஹி மேட் மீ லாஃப்" போதும்.

கீழக்கரை காக்கா

அஸ்ஸலாமு அலைக்கும். இந்தத் தம்பி எழுதியதைப் படித்ததும் எனக்கு என் முதல் வருஷம் ஞாபகம் வந்தது. வளைகுடாவில் ஒரு துணிக்கடையில் வேலை. ஊரில் வாப்பா சொல்லி அனுப்பியது ஒன்றே ஒன்று: "வாடிக்கையாளர் வந்தால் சிரிச்ச முகமா நில்லு." அதை அப்படியே மனதில் வைத்து, புதிதாகச் சேர்ந்த ஒரு பிலிப்பைன்ஸ் பையனிடம், "வென் கஸ்டமர் கம்ஸ், யூ மஸ்ட் லாஃப்" என்று சொல்லிவிட்டேன். அவன் பயந்துபோய், "ஒய் சார்?" என்றான். வருகிறவரைப் பார்த்து நான் ஏன் ஹா ஹா என்று சத்தம் போட வேண்டும் என்று அவனுக்குப் புரியவில்லை. சிரித்த முகம் என்றால் ஸ்மைலிங் ஃபேஸ் என்று அன்றைக்குக் கற்றேன். முப்பது வருஷம் ஆகிவிட்டது, இன்னும் மறக்கவில்லை.

தம்பி, அந்த அம்மா ஊருக்குப் போயிருந்தாலும் ஒரு செய்தி அனுப்புங்கள். இதைச் சும்மா விட்டுவிடாதீர்கள்.

உச்சிப்புளி மாணவன்

இதையெல்லாம் படித்தால் நம் மொழியில்தான் சொல் போதவில்லை என்று தோன்றுகிறது. இங்கிலீஷில் லாஃப், ஸ்மைல் மட்டுமில்லை, கிகிள், சக்கிள், ஸ்னிகர், கஃபா, கேக்கிள் என்று எத்தனை இருக்கின்றன. நமக்கு எல்லாமே சிரிப்பு ஒன்றுதான்.

தேவிபட்டினம் தமிழாசிரியர்

இதற்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஓய்வு பெற்று ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன, ஆனாலும் இப்படி ஒரு மாணவன் சொல்வதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை.

தம்பி, முறுவல் என்று ஒரு சொல் உண்டு. புன்னகை உண்டு, இளநகை உண்டு. புன் என்றால் சிறிய. நகை என்பதே சிரிப்புக்கான பழைய பெயர், நகு என்ற வினையிலிருந்து வந்தது. கழுத்தில் போடும் நகைக்கும் அதே பெயர்தான். நகு என்பதற்கு ஒளிர்தல் என்ற பொருளும் இருக்கிறது. சிரிக்கும்போது பல் மின்னுகிறது, பொன்னும் மின்னுகிறது.

நீ சொன்ன ஒவ்வொன்றுக்கும் நம்மிடம் பேச்சு வழக்கே இருக்கிறது. பெண் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு களுக்கென்று சிரிப்பது கிகிள். தாத்தா தனக்குள்ளேயே மெல்ல நகைத்துக்கொள்வது சக்கிள். நமட்டுச் சிரிப்பு ஸ்னிகர். வெடிச்சிரிப்பு கஃபா. கெக்கலி கொட்டுவது கேக்கிள். வகுப்பே கொல்லென்று சிரித்தது என்கிறோமே, ஒரு கூட்டம் ஒரே நொடியில் சேர்ந்து சிரிப்பதற்கு அந்த "கொல்" அளவுக்குப் பொருந்தும் ஒற்றைச் சொல்லை இங்கிலீஷில் எனக்குக் காட்டு.

அவர்கள் வேறு வேறு வினைகளாக வைத்திருக்கிறார்கள். நாம் ஒரே வினையின் முன்னால் ஒலியையும் சாயலையும் சேர்க்கிறோம். கலகல, களுக், அசட்டு, நமட்டு, விழுந்து விழுந்து, வயிறு குலுங்க. இதைப் பற்றாக்குறை என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், உள்ளத்து உணர்ச்சி வெளியே தெரியும் எட்டு மெய்ப்பாடுகளில் முதலாவதாக நகையைத்தான் வைக்கிறது. நகை பிறக்கும் இடம் நான்கு என்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். நான்கில் முதல் இடம் எள்ளலுக்கு, அதாவது ஏளனத்துக்கு. இந்த வேன்காரத் தம்பி தடுக்கி விழுந்த இடம் அதுதான். தாயின் முகத்தில் இருந்தது அன்பு, அவர் மொழிபெயர்த்தது எள்ளல்.

தொண்டி வாசகர்

ஐயா எழுதியதை ரசித்துப் படித்தேன். ஆனால் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். முறுவல், புன்னகை எல்லாம் எழுத்தில்தான். மீன் ஏலம் விடுகிற இடத்தில் நின்று "அவர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்" என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறோமா?

அந்த இடத்தில் நாம் என்ன சொல்கிறோம்? "ஸ்மைல் பண்ணாரு" என்கிறோம். போட்டோ எடுக்கிறவர் "கொஞ்சம் ஸ்மைல் பண்ணுங்க" என்கிறார். ஆனால் "லாஃப் பண்ணாரு" என்று யாரும் சொல்வதில்லை, கவனித்தீர்களா? ஸ்மைலை மட்டும் கடன் வாங்கியிருக்கிறோம், லாஃபை வாங்கவில்லை. சத்தமான சிரிப்புக்குச் சிரிப்பே போதும். சத்தமில்லாததைத் தனியாகச் சொல்லும் தேவை பேச்சில் வந்திருக்கிறது, எழுத்தில் இருந்த சொல் நாக்குக்கு வரவில்லை, வேறு மொழிச் சொல் வந்து உட்கார்ந்துகொண்டது.

தேவிபட்டினம் தமிழாசிரியர்

இந்தக் கண்ணோட்டத்தில் நான் யோசித்ததில்லை. நீங்கள் சொல்வது உண்மைதான். வருத்தமாகவும் இருக்கிறது.

சின்னப்பாலம் பொண்ணு

நான் கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன், மன்னிக்கணும்.

எங்க அம்மா பாசி எடுக்கிறவங்க. காலையில் கடலில் இறங்கினால் மதியம்தான் கரை ஏறுவாங்க, கையெல்லாம் பாறை கிழித்த தழும்பு. அந்தக் காசில்தான் நான் கல்லூரி போனேன். முதல் வருஷம் வகுப்பில் எழுந்து என்னை அறிமுகப்படுத்திக்கொள்ளச் சொன்னார்கள். லாஃப்டர் என்று சொல்ல வேண்டிய இடத்தில் "லாட்டர்" என்றேன். டாட்டர் என்றால் மகள், அதே எழுத்துகள்தானே என்று நினைத்தேன். முதல் எழுத்து மட்டும்தான் வேறு. அதனால் உச்சரிப்பும் ஒன்றாக இருக்கும் என்று நானாகவே எடுத்துக்கொண்டேன். ஐயா சொன்ன அந்தக் "கொல்" அன்றைக்கு வகுப்பில் எழுந்தது. மூன்று வருஷம் நான் வகுப்பில் வாயே திறக்கவில்லை.

லாஃப் அட் என்றால் என்ன என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். தமிழில் "என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க" என்று அம்மாவிடம் வந்து சொன்னபோது அவங்க, "நல்லாத்தானே இருக்கு, நீயும் சிரிச்சியா?" என்று கேட்டாங்க. அவங்களுக்கு அது வரவேற்பாகத் தெரிந்தது. நானும் ஆமாம்னு சொல்லிவிட்டேன். இங்கிலீஷில் சொல்லியிருந்தால் அப்படி மறைக்க முடியாது. "ஐ வாஸ் லாஃப்ட் அட்." அந்த அட் வாக்கியத்தின் கடைசியில் தனியாக நிற்கும், அதை எடுக்கவும் முடியாது.

இப்போது நான் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறேன். என் வகுப்பில் எந்தப் பிள்ளை தப்பாகப் படித்தாலும் மற்றவர்கள் சிரிக்க விடமாட்டேன்.

மண்டபம் டீச்சர்

தங்கச்சி, இதைப் படித்துவிட்டு வெகு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். உன்னுடைய ஊகத்தில் ஒரு தப்பும் இல்லை. அந்த எழுத்துக்கூட்டலைப் பார்க்கும் எந்த அறிவுள்ள பிள்ளையும் அப்படித்தான் படிக்கும். டாட்டரில் நடுவே வரும் ஜி ஹெச் (gh) எழுத்துகள் ஊமை. நைட்டில் ஊமை. லாஃப், காஃப், ரஃப், டஃப், இனஃப் போன்ற சில சொற்களில் மட்டும் ஃப் ஆகிறது. இதற்கு விதி கிடையாது, பழகித்தான் ஆக வேண்டும். உன் ஆசிரியர் அன்றைக்கு இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த எழுத்துகள் ஒரு காலத்தில் ஊமை இல்லை. தொண்டையில் உரசி வரும் ஒரு ஒலிக்காக அவற்றை எழுதினார்கள். ஜெர்மன்காரர்கள் சிரிப்பதை இன்றும் லாகென் என்கிறார்கள், அந்த நடு எழுத்து தொண்டையில் உரசுகிறது. இங்கிலீஷில் அந்த ஒலி தேய்ந்து, சில சொற்களில் மறைந்தது, சிலவற்றில் உதட்டுக்கு வந்து ஃப் ஆனது. எழுத்து மட்டும் பழையபடி நின்றுவிட்டது. அந்தச் சொல்லே சிரிக்கும் சத்தத்திலிருந்து பிறந்தது என்கிறார்கள்.

தேவிபட்டினம் தமிழாசிரியர்

டீச்சர், இதைப் படித்ததும் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டேன். நாம் அந்தச் சொல்லைத் தமிழில் எப்படி எழுதுகிறோம்? லாஃப். நடுவில் ஆய்தம். எஃகு, அஃது என்று சொல்லிப் பாருங்கள், நம் ஆய்தமும் தொண்டைப் பக்கம் உரசும் ஒலிதான். இன்றைக்கு அதையே பகரத்தோடு சேர்த்து உதட்டொலியான ஃப எழுதப் பயன்படுத்துகிறோம். அவர்களுடைய தொண்டை எழுத்து உதட்டுக்கு வந்தது, நம்முடைய தொண்டை எழுத்தும் உதட்டுக்கு வந்தது. இரண்டும் ஒரே சொல்லில் சந்தித்திருக்கின்றன. வகுப்பு எடுத்த காலத்தில் இது தெரிந்திருந்தால் ஒரு மணி நேரம் பேசியிருப்பேன்.

உச்சிப்புளி மாணவன்

ஐயா, நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஒரு தகவல் சேர்க்கிறேன், எனக்குப் பறவை பார்ப்பதில் ஆர்வம். நம் முள்காட்டில் எங்கும் திரிகிற தவிட்டுப்புறாவுக்கு இங்கிலீஷில் லாஃபிங் டவ் என்று பெயர். அது கூவுவதைக் கேட்டால் யாரோ தனக்குள் மெல்லச் சிரிப்பது போலவே இருக்கும். தனுஷ்கோடிக்குக் குளிர்காலத்தில் வருகிற கருந்தலைக் கடற்காகத்துக்கு ஸ்வீடன் நாட்டு இயற்கை அறிஞர் லின்னேயஸ் 1766ல் வைத்த லத்தீன் பெயர் ரிடிபுண்டஸ். சிரிக்கிறது என்று பொருள்.

கீழக்கரை காக்கா

இங்கே இளம் பிள்ளைகளும் இருப்பதால் ஒன்றைச் சொல்கிறேன். கைபேசியில் கண்ணிலிருந்து இரண்டு பக்கமும் நீர் வழிகிற அந்த மஞ்சள் முகம் இருக்கிறதே, அது அழுகிற முகமில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வருகிற முகம். 2015ல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் அதையே அந்த ஆண்டின் சொல்லாக அறிவித்தார்கள். எங்கள் குடும்பக் குழுவில் என் மாமி மௌத்தான செய்திக்குக் கீழே நான்கு பேர் அதைப் போட்டிருந்தார்கள், எல்லோரும் வயசானவர்கள், அழுகை என்று நினைத்துத்தான் போட்டார்கள். மாமியின் மகன் வெளிநாட்டில் இருந்தபடி அதைப் பார்த்துவிட்டான். அவனிடம் ஒவ்வொருவருக்காகவும் நான் பேசிப் புரியவைக்க வேண்டியிருந்தது. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். எல்.ஓ.எல் என்று எழுதுவதும் அதே கதைதான். சத்தமாகச் சிரிக்கிறேன் என்பதன் சுருக்கம் அது, 2011லேயே அகராதியில் ஏறிவிட்டது. பொருள் தெரியாமல் துக்கச் செய்தியின் கீழே போட்டுவிடக் கூடாது.

தொண்டி வாசகர்

வேன்காரத் தம்பிக்கு இன்னும் சில வழக்குகள் பயன்படும். "ஊர் சிரிக்கும்" என்று நாம் பயப்படுகிறோமே, அப்படி ஊர் வாயில் விழுந்த ஆளுக்கு லாஃபிங் ஸ்டாக் என்று பெயர். சங்கடத்தைச் சிரித்து மழுப்புவது லாஃப் இட் ஆஃப். புயல் கூண்டு ஏற்றியிருக்கும்போது கடலுக்குப் போகலாமா என்று யாராவது கேட்டால், "திஸ் இஸ் நோ லாஃபிங் மேட்டர்" என்று சொல்லலாம், விளையாட்டுக் காரியமில்லை என்று பொருள்.

தங்கச்சிமடம் வேன்காரன்

எல்லோருக்கும் நன்றி. காக்கா சொன்னபடி செய்தேன். முன்பதிவுக்காக அந்தப் பெரியம்மா கொடுத்த எண் இருந்தது. டீச்சர் எழுதியதைப் பார்த்து, நானே எழுத்துக் கூட்டி அனுப்பினேன். மை மதர் வாஸ் நாட் லாஃபிங் அட் யூ, ஷி வாஸ் ஸ்மைலிங் அட் யூ, இன் தமிழ் வீ ஹேவ் ஒன் வேர்ட் ஃபார் போத் என்று. அப்புறம், அம்மா அந்தப் பாதி டீயை நினைத்து வருத்தப்படுகிறார் என்பதையும் சேர்த்தேன்.

மறுநாள் பதில் வந்தது. அன்றைக்குத் தலைமுடி காற்றில் கலைந்து, வெயிலில் முகம் சிவந்து இருந்ததாம். அதைப் பார்த்துத்தான் அம்மா சிரித்தார் என்று நினைத்துக்கொண்டாராம். பூவைத் தூக்கிப் போடவில்லை, காய்ந்த சரத்தை ஒரு நோட்டுக்குள் வைத்து ஊருக்கு எடுத்துப் போயிருக்கிறார், படம் அனுப்பியிருந்தார்.

அம்மாவிடம் படத்தைக் காட்டி, நடந்தது முழுவதையும் அப்போதுதான் சொன்னேன். நான் என்ன வாக்கியம் சொன்னேன், அதற்கு என்ன பொருள் என்று விளக்கியதும் அம்மாவுக்கு அடக்க முடியவில்லை. திண்ணையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வர, என் தலையில் தட்டித் தட்டிச் சிரித்தார்.

டீச்சர், இதற்கு "மை மதர் லாஃப்ட் அட் மீ" என்று எழுதலாமா?

மண்டபம் டீச்சர்

எழுதலாம் தம்பி. சத்தம் இருந்தது, இலக்கு நீங்கள்தான். பெரும்பாலும் ஏளனம் என்று முன்னால் சொன்னேன். உங்கள் அம்மாவின் சிரிப்பு அந்தப் பெரும்பாலும் என்பதற்கு வெளியே நிற்கிறது. தலையில் தட்டியதையும் சேர்த்து எழுதுங்கள், படிக்கிறவருக்குப் புரிந்துவிடும்.